அட்டை போட்ட புத்தகங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போகிற விஷயத்தில் என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் டீச்சராக இருந்தேன். பொன்னேரியிலிருந்து தினமும் காலை பாசஞ்சர். பெண்கள் பெட்டியில் பாதிப் பேர் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே அப்போதுதான் ஒவ்வொரு ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. பள்ளியில் நான் புதியவள் என்பதால் எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிய வேலை என் தலையில் விழுந்தது. அதுதான் லைப்ரரி. லைப்ரரி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு பழைய குடோன் அறை, இரண்டு பீரோ, முந்நூறு சொச்சம் புத்தகம், ஒரு நீள மேஜை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, ஒவ்வொருவராக எழுந்து சத்தமாகப் படிக்க வைப்பேன். வாய்விட்டுப் படிக்காதவன் படிக்கவே இல்லை என்பது அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை.

அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். பேச மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். விரல்களைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் எழுத்து மட்டும் அச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் ஆரம்பப் பள்ளியில் வருஷா வருஷம் பாஸ் போட்டு எங்களிடம் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆட்டிசம் என்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்த பெயர்கள் ஊமை, திமிர், பைத்தியம், காத்து சேஷ்டை. நான் திமிர் கட்சி.

எங்கள் பள்ளி மணி என்பது வேப்பமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. பியூன் அதை இரும்பு போல்ட்டால் அடிப்பார். அடித்தால் ஊருக்கே கேட்கும். முதல் அடி விழுந்ததும் அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள். அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. யாரோ அவளைக் கொல்கிற மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்டபோது என் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்துவிட்டது. அலறிக்கொண்டே எழுந்து ஓடுவாள். எங்கே ஓடுகிறாள் என்று ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை. மணி அடங்கிக் கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வந்துவிடுவாள்.

ஒரு நாள் லைப்ரரியைத் திறந்து வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய் வந்தேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி உண்டு. அதிலிருந்து முனகல் கேட்டது. பாம்போ பூனையோ என்று எட்டிப் பார்த்தால் இவள். முழங்காலை மடித்து உட்கார்ந்து, ஒரு சிவப்பு அட்டைப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அது ஒரு சின்னத் தையல் பாடப் புத்தகம். ரவிக்கை, பாவாடை வெட்டுவதற்குப் புள்ளிக்கோடு போட்ட படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். அதை யாரும் எடுத்துப் பார்த்ததே இல்லை. இவள் அந்தப் புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள். ஓடி வரும்போது வழியில் பீரோவைத் திறந்து எடுத்திருக்கிறாள். யாரைக் கேட்டு எடுத்தாய் என்று கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். கை பட்டதுதான் தாமதம், மணிக்கு அலறுவது போலவே அலறினாள். சுட்டுவிட்டது போல என் கையை எடுத்துக்கொண்டேன். நான் அடிக்கவில்லை, கிள்ளவில்லை, சும்மா தொட்டேன். தொட்டதற்கா இப்படி?

அதற்குள் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் சிலர் வந்து ஹெட்மாஸ்டரிடம் புகார் சொல்லிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், அவளை நிறுத்துங்கள் என்றார்கள். ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை, ஆனால் சத்தம் பிடிக்காதவர். அவளுடைய அம்மாவை வரச்சொன்னார். எஸ்டேட்டில் கல்லும் மண்ணும் சுமக்கிற அம்மா. தலையில் சும்மாட்டுத் துணியோடு வந்து நின்றாள். பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளேன் என்று ஹெட்மாஸ்டர் சொன்னதும் சட்டென்று அவர் காலில் விழுந்துவிட்டாள். ஊட்டில் விட்டால் பேஜாராகிவிடும் சார், இங்கேயே ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று அழுதாள். பொறுப்பில்லாத அம்மா, பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டுக் கை கழுவப் பார்க்கிறாள் என்று நான் மனசுக்குள் திட்டினேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. லைப்ரரியில் மட்டும் அது கத்துவதில்லை சார் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"அப்படின்னா உங்க பொறுப்பு டீச்சர். ஒரு புகார் வந்தாலும் டி.சி.தான்" என்றார் ஹெட்மாஸ்டர்.

இப்படித்தான் அவள் என்னிடம் வந்து சேர்ந்தாள். அன்பினால் ஒன்றும் இல்லை. நான் செய்த ஒவ்வொன்றையும் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன். சிமெண்டுத் தரை சில்லிட்டதால் அந்தச் சந்தில் ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டேன். மணி அடிக்கிற நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அவள் எழுந்து வர வகுப்பு டீச்சரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். தையல் புத்தகம் கீழ்த்தட்டில் நாலாவதாக இருக்கும். அது அங்கேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முனகல் ஆரம்பித்துவிடும். சத்தமாகப் படிக்கச் சொன்னாலும் முனகுவாள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளை வாய்க்குள் படிக்கச் சொன்னேன். உங்கள் லைப்ரரியில் எல்லோரும் தூங்குகிறார்களா என்று கணக்கு வாத்தியார் கிண்டல் செய்தார். எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு மாதம் போனதும் பார்த்தால், சத்தமாகப் படிக்கப் பயந்து மூத்திரம் வருது டீச்சர் என்று வெளியே ஓடுகிற பிள்ளைகள் அந்த அறையில் மணி அடித்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் படிக்கிறார்கள் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

அவளும் தையல் புத்தகத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தட்டாகப் புத்தகங்களை எடுப்பாள், புரட்டுவாள், எடுத்த இடத்தில் வைப்பாள். படிக்கிறாளா, படம் பார்க்கிறாளா, யாருக்குத் தெரியும்? நான் கேட்டதும் இல்லை. ஆறு மாதம் ஒரு புகாரும் வரவில்லை.

அப்புறம் ஆண்டு இன்ஸ்பெக்ஷன் வந்தது.

அந்தக் காலத்து வாத்தியார்களைக் கேட்டுப் பாருங்கள், இன்ஸ்பெக்ஷன் என்றால் என்ன பாடு என்று. சுவருக்குச் சுண்ணாம்பு, மரத்துக்குக் காவி, புத்தகத்துக்கு அட்டை. எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே மாதிரி காக்கித்தாள் அட்டை, ஒரே மாதிரி லேபிள், பார்ப்பதற்குப் பட்டாளம் மாதிரி நிற்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் உத்தரவு போட்டார். எனக்கும் ஆசைதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவில் பத்தாம் வகுப்புப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிவைத்து, மைதா காய்ச்சி, முந்நூறு புத்தகத்துக்கும் அட்டை போட்டேன். நம்பர் வரிசையில் வைத்தால் ஏற்றமும் இறக்கமுமாகத் தெரிந்தது. அதனால் உயரப்படி அடுக்கினேன். பெரியது முதலில், சின்னது கடைசியில். கண்ணை மூடித் திறந்தால் இரண்டு பீரோவும் ஒரே காக்கி. எனக்கு அவ்வளவு பெருமை. அந்தச் சந்துப் பெண்ணை நான் நினைக்கவே இல்லை. ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்ஷன். திங்கட்கிழமை காலை அறையைத் திறந்து, பீரோவையும் திறந்து வைத்துவிட்டு ஹெட்மாஸ்டர் கூப்பிட்ட மீட்டிங்குக்குப் போனேன். மீட்டிங் மத்தியானம் வரை இழுத்தடித்து முடிந்து திரும்பி வந்து கதவைத் தள்ளினேன். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே தரை முழுக்க கணுக்கால் உயரத்துக்குக் காக்கித்தாள். கிழிந்தும் சுருண்டும் லேபிளோடும் கிடந்தது. நடுவில் அவள் மண்டியிட்டு உட்கார்ந்து இன்னொரு புத்தகத்தைக் கையில் வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

புத்தகங்களை எல்லாம் கிழித்துவிட்டாள், என் வேலை போச்சு, மானம் போச்சு என்பதுதான் தோன்றியது. மேஜைமேல் ஒரு அடி மர ஸ்கேல் இருந்தது. அவள் கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையில் அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. ஸ்கேலின் ஓரம் பட்டுக் கோடு கோடாகச் சிவந்தது. மணிக்கு அலறுகிறவள், தொட்டால் அலறுகிறவள், அப்போது ஒரு சத்தம் போடவில்லை. ஸ்கேல் மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் என் கை நின்றது. அந்த மௌனம் எனக்கு அலறலைவிடப் பயமாக இருந்தது.

சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வந்தார். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எஸ்டேட்டுக்குப் பியூனை அனுப்பினார். அவள் அம்மா கையில் காயாத சிமெண்டோடு வந்தாள். இந்தத் தடவை காலில் விழவில்லை, அழவில்லை. இனிமேல் அனுப்ப வேண்டாம், டி.சி. எழுதி வைக்கிறேன் என்றதற்குத் தலையை ஆட்டினாள். மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு தாள்களை வாரிக் கோணியில் போட உட்கார்ந்தேன். ஒவ்வொரு கைப்பிடியாக அள்ளும்போது அச்சடித்த பக்கம் எத்தனை கிழிந்திருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. காக்கித்தாள், லேபிள், காக்கித்தாள், லேபிள். எழுந்து பீரோவைப் பார்த்தேன். அதுவரை நான் பீரோவையே பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்திருக்கிறேன். புத்தகங்கள் எல்லாம் தட்டில் நின்றன. நீலம், பச்சை, மஞ்சள், பழைய அட்டையோடு, ஒரு பக்கம் மடங்காமல் நின்றன. இருப்புப் பதிவேட்டை எடுத்து முதல் தட்டிலிருந்து சரிபார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் வரிசை, இன்னும் பிரிக்காத புத்தகங்களுக்கு மட்டும் அங்கங்கே இடைவெளி. உயரப்படி நான் கலைத்ததை எல்லாம் அவள் பழையபடி அடுக்கியிருந்தாள். ஒரு பீரோ முழுக்க, அடுத்ததில் மேல்தட்டிலிருந்து கீழே வரை. நான் வந்து நிறுத்தியதால் கடைசித் தட்டு மட்டும் பாக்கி.

கடைசித் தட்டில் இருபது புத்தகங்கள் இன்னும் காக்கியில் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஏழாவதோ எட்டாவதோ தாளைக் கிழித்தபோது சிவப்பு அட்டை தெரிந்தது. தையல் புத்தகம்.

ஐயோ, அவள் அதைத்தான் தேடியிருக்கிறாள். எல்லாம் ஒரே காக்கி, எது எங்கே என்று தெரியவில்லை, வாய் திறந்து கேட்கவும் தெரியாது. ஒவ்வொன்றாகப் பிரித்து, இது இல்லை என்று அதன் இடத்தில் வைத்து, அடுத்ததைப் பிரித்து, இப்படியே முந்நூறையும் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது கையில் கிடைப்பதற்கு ஒரு தட்டு முன்னால் நான் போய் அடித்திருக்கிறேன். பாவி, நான் பாவி என்று அந்தத் தாள் குவியலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதே ஹெட்மாஸ்டரிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மறுநாள் இன்ஸ்பெக்ஷன், வாயைத் திறந்தால் இன்னும் என்ன ஆகுமோ என்ற பயம். மீதிப் புத்தகங்களையும் பிரித்து நம்பர்படி வைத்தேன். செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். பதிவேட்டில் கண்ணை மூடி ஒரு நம்பரைத் தொட்டார், இதை எடுங்கள் என்றார். நொடியில் எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்று கேட்டார். அதுவும் அதன் இடத்தில் இருந்தது. பல பள்ளியில் புத்தகம் தேடவே அரை நாள் ஆகிறது, இங்கே நூலகம் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹெட்மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். நான் கையைக் கட்டிக்கொண்டு, நன்றி சார் என்றேன். சொல்லும்போதே எனக்கு என்மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு, தையல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ரயில் பாதையை ஒட்டி ஓலைக் குடிசைகள். கதவு வெளியே சங்கிலி போட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை, அவங்கம்மா வேலைக்குப் போயிருக்கு, பாப்பா உள்ளே இருக்கு என்றாள். சங்கிலியை எடுத்துக் குனிந்து உள்ளே பார்த்தேன்.

நடுக் கம்பத்தில் அவளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கணுக்காலில் பழைய புடவைக் கிழிசல், அதற்கு மேல் கயிறு. கயிற்றின் நீளத்துக்கு மண் தரையில் வட்டமாகத் தேய்ந்திருந்தது. அது ஒரே நாளில் தேய்ந்த தேய்மானம் இல்லை. பெற்ற தாயா இப்படிச் செய்வாள் என்று வாய்விட்டே கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ஆள் அனுப்பி அவள் அம்மாவை வரவழைத்துவிட்டாள். அவள் மூச்சு வாங்க வந்து என்னைப் பார்த்தாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னா பண்ணச் சொல்றீங்க டீச்சரம்மா? தண்டவாளம் தோ கீது. அவுத்து வுட்டா அங்கதான் போவா. கட்டைய ஒவ்வொண்ணா தாண்டிக்கினு நடந்துக்கினே இருப்பா. பின்னால வண்டி வந்தாலும் திரும்பிப் பாக்க மாட்டா. ரெண்டு வாட்டி கேட்மேன் இஸ்துக்கினு வந்து வுட்டாரு. நான் வேலைக்குப் போவாட்டி அடுப்பு எரியாது. சின்ன ஸ்கூல்ல பாதி நாளு திருப்பி அனுப்பிச்சுடுவாங்க. உங்க ஸ்கூல்ல இருந்த ஆறு மாசம்தான் கயித்த அவுத்து வெச்சிருந்தேன்."

டி.சி. என்று நாங்கள் ஒரு வார்த்தை சொன்னோமே, அதற்கு அர்த்தம் இந்தக் கயிறு. இது தெரிந்துதான் அந்த அம்மா அன்றைக்குக் காலில் விழுந்திருக்கிறாள். நான் அவளைப் பொறுப்பில்லாதவள் என்றேன். சிவப்புப் புத்தகத்தை அந்தப் பெண்ணின் பக்கத்தில் வைத்தேன். உடனே எடுத்து, விரித்து, புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தாள். உள்ளங்கையில் நான் போட்ட கோடுகள் கன்றிப்போய் இருந்தன.

மறுநாள் காலை மணி அடிக்குமுன் ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். அதிகாரி எழுதிவிட்டுப் போன ஒழுங்கு என்னுடையது இல்லை சார், நான் கலைத்தேன், அவள்தான் அடுக்கினாள், அதற்குத்தான் அவளை அடித்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. பதிவேட்டைக் காட்டினேன். கயிற்றைச் சொன்னேன். தரையில் தேய்ந்திருந்த வட்டத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கட்டிப்போட்டா வெச்சிருந்தாங்க?" என்றார். டி.சி.யை எடுத்து நாலாகக் கிழித்தார். பியூனைக் கூப்பிட்டு, தண்டவாளத் துண்டுக்குக் கோணி சுற்றி அடிக்கச் சொன்னார். அதன் பிறகு நான் அங்கே இருந்த வரை எங்கள் பள்ளி மணி மொத்து மொத்தென்றுதான் அடித்தது. கடைசி வகுப்புகளுக்குக் கேட்கவில்லை என்று கணக்கு வாத்தியார் குறைப்பட்டார். கேட்காவிட்டால் எட்டிப் பாருங்கள் என்றேன்.

வியாழக்கிழமை அவள் அம்மாவே கொண்டுவந்து விட்டாள். சந்தில் புதுக் கோணி விரித்து, பீரோவைத் திறந்து, தையல் புத்தகத்தைக் கீழ்த்தட்டில் நாலாவதாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தாள். எப்போதும் நேரே உள்ளே ஓடுகிறவள், வாசற்படியில் நின்றாள். வலது கையை என் முன்னால் நீட்டினாள். உள்ளங்கை மேலே, விரல்கள் விரித்து. புத்தகம் கேட்கிறாள் என்று நினைத்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஓடிப்போய்ச் சிவப்புப் புத்தகத்தை எடுத்துவந்து கையில் வைத்தேன். வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். மறுபடியும் காலிக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளுக்கு எல்லாமே வரிசை. எது எதற்கு முன்னால், எது எதற்குப் பின்னால் என்பதை ஒரு தடவை பார்த்தால் போதும். இந்த அறைக்கு நான் புதிதாக ஒரு வரிசை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: முதலில் அடி, அப்புறம்தான் உள்ளே. அடிக்க மாட்டேன், உள்ளே போ என்றேன். போகவில்லை. என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். போகவில்லை. கை வலிக்கிற வரைக்கும் நீட்டிக்கொண்டு நின்றாள். அடி விழாது என்று நிச்சயமான பிறகுதான் கையை மடக்கி உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் அந்த மர ஸ்கேலைப் பள்ளிக் கிணற்றில் எறிந்தேன். அதற்குப் பிறகு என் சர்வீஸ் முடிகிற வரை ஒரு பிள்ளையை அடித்ததில்லை. புத்தகத்துக்கு அட்டையும் போட்டதில்லை. அவள் அந்தச் சந்தில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு வரை வந்தாள். நாற்பதாம் நம்பர் என்றால் நான் எழுவதற்குள் அவள் எடுத்து மேஜைமேல் வைத்திருப்பாள். பிள்ளைகள் புத்தகம் எங்கே என்று என்னைக் கேட்பதை விட்டுவிட்டு அவளைப் போய்க் கேட்டார்கள். கயிறு பரணில் ஏறிவிட்டது என்று அவள் அம்மா சொன்னாள். எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள்.

எனக்கு மாற்றல் வந்து கிளம்பிய நாளன்று சாவியைப் புது டீச்சரிடம் கொடுத்துவிட்டு வாசலில் நின்றிருந்தேன். கோணி சுற்றிய மணி மொத்து மொத்தென்று அடித்தது. அவள் வந்தாள், தினமும் செய்வது போலவே படியில் நின்றாள், கையை நீட்டினாள். இது எதற்கு டீச்சர் என்று புதியவள் கேட்டாள். நான் அந்தப் பெண்ணுக்கு என் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், புதியவளையும் அப்படியே காட்டச் சொன்னேன்.